மின் பாதுகாப்பு விதிகளைக் காசு கொடுக்காமல் வாசிப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மாரிக்கு முன்னர் ஆரையம்பதியில் அக்கா வீட்டுக் கிணற்று மோட்டருக்குப் புது லைன் இழுத்தோம். வேலை முடிந்ததும் சோதித்துச் சான்று தர ஒருவர் வந்தார். நிலத்தில் அடித்திருந்த எர்த் ரொட்டைக் காலால் மெல்லத் தட்டினார். சீனி மாதிரி மணல். ரொட் ஆடியது.

"இது சட்டப்படி சரியில்ல அக்கா, திரும்ப அடிக்கணும்."

"எந்தச் சட்டம் தம்பி? ஒருக்கா காட்டுங்களன்."

அவர் போனை எடுத்துத் தேடி ஒரு படத்தைக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு புத்தகத்தின் பாதிப் பக்கம். மேலே தலைப்பு இல்லை, கீழே பக்க எண் இல்லை, எந்த ஆண்டுப் பதிப்பு என்றும் இல்லை. அவருக்கும் அது யாரோ அனுப்பியதுதான்.

ரொட்டைத் திரும்ப அடித்தோம். அவர் சொன்னது சரி என்று பின்னால் எனக்கும் விளங்கியது. ஆனாலும் அக்கா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஒரு விதியைக் காட்டி ஒருவரின் மின் இணைப்பை மறுக்கலாம், அவரிடம் தண்டம் அறவிடலாம் என்றால், அந்த விதியை அவர் தன் மொழியில், காசு கொடுக்காமல், வீட்டிலிருந்தே வாசிக்க முடிய வேண்டும். இலங்கையில் இதில் பாதி உண்மையாகவே கிடைக்கிறது, பலருக்கு அது தெரியாது. மீதிப் பாதி பூட்டியிருக்கிறது. இரண்டையும் தேடி அலைந்ததில் கற்றதை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில்: எது சட்டம், எது நியமம்?

"சட்டத்தில இருக்கு" என்று வயர்மன் சொல்லும்போது, அது நாலு விஷயங்களில் ஒன்றாக இருக்கும். எது என்று பிரித்துப் பார்க்காமல் தேடத் தொடங்கினால் நாள் வீணாகும்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் பல ஆண்டுகள் ஆண்டது. அதன் இடத்துக்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பிறகு அதுவும் திருத்தப்பட்டது. ஆகவே பழைய சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள். புதிய சட்டத்தின் கடைசிப் பகுதிக்குப் போய், பழையதை நீக்குவது பற்றியும் காப்பு ஏற்பாடுகள் பற்றியும் சொல்லும் பிரிவுகளை முதலில் வாசியுங்கள். பழைய சட்டத்தின் கீழ் செய்த ஒழுங்குவிதிகளில் எவை தொடர்ந்து செல்லும், எது எப்போது நடைமுறைக்கு வரும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அதன் கீழே ஒழுங்குவிதிகள். இவை அரசாங்க வர்த்தமானியில் (கெசட்) வரும். நமக்கு முக்கியமானவை 2016இல் வந்த மின்சாரப் பாதுகாப்பு, தரம், தொடர்ச்சி பற்றிய ஒழுங்குவிதிகள். பிரித்தானியாவில் 2002இல் இதே பெயரில் ஒரு தொகுப்பு வந்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

மூன்றாவது நியமங்கள், அதாவது கட்டளைகள் (ஆங்கிலத்தில் ஸ்டாண்டர்ட்). வயர் எவ்வளவு தடிப்பு, எர்த் எப்படி, குளியலறையில் சுவிட்ச் எங்கே வரலாம் என்ற நுணுக்கமெல்லாம் இங்கேதான். வீட்டு வயரிங்குக்கு நம் நாட்டுப் பொறியியலாளர்கள் கையில் வைத்திருப்பது பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய நியமம். பழைய ஆட்கள் இதை "ஐ.ஈ.ஈ. ரெகுலேஷன்" என்பார்கள். இதன் முதல் வடிவம் 1882இல் வந்தது, 18ஆம் பதிப்பு 2018இல் வந்து 2022இல் திருத்தப்பட்டது. ப்ளக், ஹோல்டர், வயர் போன்ற பொருட்களுக்கு எஸ்.எல்.எஸ். கட்டளைகள் இருக்கின்றன. அவற்றை வெளியிடுவது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம்.

நாலாவது, மின்சாரம் வழங்குபவரின் சொந்த நிபந்தனைகள்: விண்ணப்பப் படிவம், சோதனை அறிக்கைப் படிவம், உள் சுற்றறிக்கை.

சட்டமும் வர்த்தமானியும் இலவசம். நிபந்தனைகளைக் கேட்டு வாங்கலாம். நியமம்தான் விலைக்கு. சிக்கல் எல்லாம் அங்கேதான்.

சட்டத்தையும் வர்த்தமானியையும் எடுப்பது

அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் ஆவணத் தளத்தில் சட்டங்களும் வர்த்தமானிகளும் பி.டி.எப். ஆக இருக்கின்றன. முகவரியை வாயால் சொன்னால் டொக்கியுமென்ட்ஸ் டொட் கவ் டொட் எல்.கே. பதிவு செய்யத் தேவையில்லை, காசும் இல்லை. சட்டங்கள் பாராளுமன்றத்தின் தளத்திலும் உண்டு. மின்சாரம் தொடர்பானவற்றை மட்டும் தேடுகிறவர்கள் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தளத்துக்கு நேரே போகலாம். 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழுதான் மின்துறையின் ஒழுங்குறுத்துநர்.

ஒழுங்குவிதிகள் வெள்ளிக்கிழமை வரும் சாதாரண வர்த்தமானியில் அல்ல, பெரும்பாலும் அதிவிசேட வர்த்தமானியில்தான் வரும். அதன் இலக்கத்தில் நடுவே ஒரு சாய்கோடு இருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ள எண் அந்த வாரத்துக்குரியது, பின்னால் உள்ளது அந்த வாரத்தில் அது எத்தனையாவது இதழ் என்பது. யாராவது "வர்த்தமானியில வந்திருக்கு" என்றால் இந்த இலக்கத்தையும் திகதியையும் கேளுங்கள். இரண்டும் இருந்தால் அஞ்சு நிமிட வேலை. இல்லாவிட்டால் அரை நாள்.

இன்னொன்றும் உண்டு. தேடும்போது ஆங்கிலப் பிரதி முன்னால் வந்து நிற்கும். கோப்பின் பெயரின் முடிவைப் பாருங்கள். மொழியைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: "ஈ" என்றால் ஆங்கிலம், "எஸ்" என்றால் சிங்களம், "ரீ" என்றால் தமிழ். முகவரியில் அந்த ஓரெழுத்தை மாற்றிப் பார்த்தே நான் பல தமிழ்ப் பிரதிகளை எடுத்திருக்கிறேன்.

தமிழ்ப் பிரதி கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். சட்டங்களும் அவற்றின் கீழ் வரும் ஒழுங்குவிதிகளும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். "தமிழில தாங்க" என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல. வெளியிட்ட நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதியை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்து எந்த அலுவலகம் என்று கேட்கலாம், தமிழில் பதில் சொல்வார்கள்.

எடுத்த பிரதியை என்ன செய்யலாம்? கொப்பி அடிக்கலாம், கோயில் மண்டபத்தில் வாசித்துக் காட்டலாம், சங்கத்து அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, சட்டம், நிருவாகம் சார்ந்த உத்தியோகபூர்வ நூலுரைகளுக்கும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பூட்டியிருக்கும் பாதி

இப்போது அக்காவின் எர்த் ரொட்டுக்குத் திரும்புவோம். அது ஏன் ஆடக்கூடாது?

நம் வீடுகளில் எர்த் என்பது நம் வளவில் நாமே அடித்த ரொட்தான். மின் கசிந்தால் அது அந்த ரொட் வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவில் விழும் வகை என்றால், தொடுவதற்கு எல்லையாக எடுக்கும் 50 வோல்ட்டை அந்த 30 மில்லி அம்பியரால் வகுத்துப் பாருங்கள், 1667 ஓம் வரும். ரொட்டிலிருந்து மண்ணுக்குள் மின் போகும் பாதையின் தடைக்கு, அதாவது எர்த் தடைக்கு, பி.எஸ். 7671 அட்டவணையில் அந்த எண்தான் மேல் எல்லை. ஆனால் அதே அட்டவணையின் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: 200 ஓமுக்கு மேலே போனால் அந்தத் தடை நிலையாக நிற்காமல் போகலாம். வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை முழுக்கக் கடல் மணல். ஆவணி, புரட்டாதியில் மணல் காயும், தடை ஏறும். மாரியில் இறங்கும். மாரியில் மட்டும் சோதித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று போனால் அடுத்த கோடையில் என்ன ஆகும் என்பதை அந்தச் சின்னக் குறிப்புத்தான் சொல்கிறது. ஓர் உயிர் அந்தக் குறிப்பில் தங்கியிருக்கிறது. அது இருக்கும் புத்தகத்தை வாங்கப் பத்தாயிரக்கணக்கில் ரூபாய் வேண்டும்.

வயர் நிறமும் அப்படித்தான். பழைய வீடுகளில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். புது முறையில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல். இதோடு நின்றால் பரவாயில்லை. மூன்று பேஸ் வரும் அரிசி ஆலையிலோ ஐஸ் தொழிற்சாலையிலோ, பழைய முறையில் நீலம் ஒரு பேஸ். புது முறையில் கறுப்பு ஒரு பேஸ். அதாவது இரண்டு நிறங்களும் இடம் மாறி நிற்கின்றன. பழைய வயரிங்கோடு புதியதை இணைத்த இடத்தில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்ற விதி ஏன் வந்தது என்பது இதைப் பார்த்தவுடனே விளங்கும். விதியை ஒருபோதும் பார்த்திராத பையன் ஏணியில் நிற்கிறான் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேறு நாடுகளில் இந்தப் பூட்டை எதிர்த்து வழக்கே போட்டிருக்கிறார்கள். கார்ல் மாலமுட் தொடங்கிய பப்ளிக் டொட் ரிசோர்ஸ் டொட் ஓர்க் என்ற அமைப்பு, அமெரிக்கச் சட்டங்களில் சேர்க்கப்பட்ட நியமங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டது. நியம நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவையை வெளியிடும் நிறுவனமும் அவற்றில் ஒன்று. சட்டமாகிவிட்ட நியமத்தை இலாப நோக்கில்லாமல் வெளியிடுவது நியாயமான பயன்பாடு என்று 2023 செப்ரெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2024 மார்ச் 5ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும், ஒன்றியச் சட்டத்தின் பகுதியாகிவிட்ட இணக்க நியமங்களை மக்கள் பார்க்க வைப்பதில் மேலான பொதுநலன் உண்டு என்று சொன்னது. இந்தியாவில் இந்திய நியமப் பணியகம் தானே ஆக்கிய நியமங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. வீட்டு வயரிங்குக்கான ஐ.எஸ். 732 அவற்றில் தேட வேண்டிய ஒன்று.

இந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் பி.எஸ். 7671 புத்தகத்தை ஸ்கான் பண்ணி வட்சப் குழுக்களில் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அப்படிச் சுற்றும் பிரதிகளில் பாதி பழைய பதிப்புகள். தலைப்பு வெட்டுப்பட்ட அந்தப் போன் படம்போலத்தான்.

காசில்லாமல், நேர்வழியில் எவ்வளவு தூரம் போகலாம்?

நிறையத் தூரம் போகலாம். பி.எஸ். 7671ஐ வெளியிடுவோரில் ஒருவரான ஐ.ஈ.ரீ. என்ற பிரித்தானியப் பொறியியலாளர் நிறுவனம், அதன் மாதிரிச் சான்றிதழ்ப் படிவங்களையும் சோதனைப் படிவங்களையும் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. என் கணக்கில் இதுதான் மிகப் பெறுமதியான இலவசப் பொருள். ஒரு வீட்டில் எதை எதைச் சோதிக்க வேண்டும் என்பது அந்தப் படிவத்தில் வரிசையாக இருக்கிறது. வயர்மன் வரும்போது கையில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, "தம்பி, இதில எர்த் தடை எவ்வளவு எண்டு எழுதுங்க" என்று கேட்கலாம். அதே நிறுவனத்தின் "வயரிங் மற்றர்ஸ்" சஞ்சிகையும் இலவசம், விதிகள் ஏன் மாறின என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கும். பிரித்தானியாவின் எலெக்ரிக்கல் சேப்டி பெர்ஸ்ட் என்ற தொண்டு அமைப்பு நல்ல வழிகாட்டிகளைப் பி.டி.எப். ஆகத் தருகிறது. கலைச்சொல் விளங்காவிட்டால் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் எலெக்ரோபீடியா அகராதி இருக்கிறது. எல்லாம் ஆங்கிலம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் ஏ.எல். படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

புத்தகத்தையே பார்க்க வேண்டும் என்றால் நூலகம். அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. வெளியாள் என்றால் முன்கூட்டியே நூலகருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: எந்த நியமம், எந்தப் பதிப்பு, எந்தப் பகுதி, எத்தனை மணி நேரம் இருந்து வாசிக்க வேண்டும். "மின்சாரம் பற்றிப் படிக்க" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். எஸ்.எல்.எஸ். கட்டளைகளுக்கு கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள கட்டளைகள் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். வாங்காமல் அங்கேயே இருந்து வாசிக்க வழியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பிறகு கொழும்பு ரயிலுக்கு ரிக்கற் எடுக்கலாம்.

தகவல் அறியும் உரிமையைச் சரியாகப் பயன்படுத்துவது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதைக் கொண்டு எல்லாம் கேட்கலாம் என்று பலர் நினைத்து, "பி.எஸ். 7671 புத்தகத்தின் பிரதி தருக" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்க இடமிருக்கிறது. மூன்றாம் ஆளின் போட்டி நிலைக்குப் பாதகம் வரும் புலமைச் சொத்து அந்த விலக்குப் பட்டியலில் இருக்கிறது. வெளியிடுவதில் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது, அதை வைத்துப் போராடலாம்தான், ஆனால் நாள் எடுக்கும். முதல் கடிதத்திலேயே அந்தச் சண்டைக்குப் போகாதீர்கள்.

அலுவலகத்துக்குச் சொந்தமான ஆவணங்களைக் கேளுங்கள். நான் அயலவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

"கீழ்வரும் தகவல்களைத் தமிழில் வழங்குமாறு வேண்டுகிறேன். (அ) வீட்டு மின் இணைப்பு வழங்குமுன் மின் நிறுவலைப் பரிசோதிக்க உங்கள் அலுவலகம் பயன்படுத்தும் சரிபார்ப்புப் பட்டியலின் பிரதி. (ஆ) சோதனை அறிக்கைப் படிவத்தின் பிரதி. (இ) எர்த் தடை, ட்ரிப் சுவிட்ச் தொடர்பாகத் தற்போது பின்பற்றப்படும் சுற்றறிக்கைகளின் பிரதிகள். (ஈ) மேற்கூறியவை எந்தச் சட்டத்தின் அல்லது ஒழுங்குவிதியின் எந்தப் பிரிவின் கீழ் கேட்கப்படுகின்றன என்பதும், ஏதேனும் நியமம் பின்பற்றப்படுமாயின் அதன் இலக்கமும் பதிப்பு ஆண்டும்."

கடைசி வரிதான் கடிதத்தின் உயிர். அக்கா கேட்ட கேள்வியேதான் அது.

உங்கள் இணைப்பை ஏற்கனவே மறுத்திருந்தால் இன்னொரு வரி சேருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அந்த முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. "35ஆம் பிரிவின்படி காரணங்களை எழுத்தில் தருக" என்ற ஒற்றை வரி போதும்.

கடிதத்தை அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். முதல் நாலு பக்கங்களுக்குக் கட்டணமில்லை, மின்னஞ்சலில் வாங்கினால் எதற்கும் கட்டணமில்லை. ஆகவே மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த நாட்களைக் கலண்டரில் குறித்து வையுங்கள். நியாயம் கையிலிருந்தும் நாள் தவறியதால் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிடைத்ததை எங்கே பயன்படுத்தலாம்?

மின்னழுத்தத்தில் தொடங்கலாம். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், கூடினாலும் குறைந்தாலும் 6 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதாவது சுமார் 216 முதல் 244 வரை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் லைன் முடிவில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் மோட்டர் முனகிக்கொண்டு எழும்பாமல் கிடக்கும். ஒரு வாரம், ஒரே நேரத்தில், மல்டிமீற்றரில் பார்த்துத் திகதியோடு எழுதி அனுப்புங்கள். "கரண்ட் குறைவு" என்ற முறைப்பாட்டுக்கும் ஏழு நாள் எண்களோடு போகும் கடிதத்துக்கும் கிடைக்கும் பதிலே வேறு. மீற்றரைப் பிடிக்கப் பழக்கமில்லாதவர் தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள், மெயின் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

வேலி பற்றியும் சொல்ல வேண்டும். யானைக்கும் பன்றிக்கும் பயந்து வீட்டு லைனிலிருந்து நேரே கம்பி இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட மின்வேலிக் கருவி, நொடிக்கு ஒரு தடவை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அதிர்ச்சி கொடுத்துவிட்டு நிற்கும். தொட்டவன் கையை எடுக்க இடம் கிடைக்கும். வீட்டு லைன் அப்படி விடாது. வேலிக்கு வீட்டு லைனை இழுப்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், எந்தச் சட்டத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று தமிழில் அச்சடித்து விவசாயச் சங்கக் கூட்டத்தில் வாசித்தால் கேட்பவர்கள் வேறு மாதிரிக் கேட்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டும் ஆட்களுக்கும் இதையே செய்யலாம்.

அச்சடிக்கும் ஒவ்வொரு பிரதியின் மேலும் மூன்று விஷயங்களைக் கையால் எழுதுங்கள்: வர்த்தமானி அல்லது சட்டத்தின் இலக்கம், அது வெளியான திகதி, நீங்கள் இறக்கிய திகதி. மின்துறைச் சட்டம் இப்போது மாறிக்கொண்டிருக்கும் காலம். ஆறு மாதத்துக்கு ஒருக்கா தளத்துக்குப் போய்த் திருத்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள், வந்திருந்தால் பழைய பிரதியைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.